கால் பங்கு ஊசி

மனுஷனுக்கு மனசு என்று தனியாக ஒன்று கிடையாது, இருப்பதெல்லாம் சுரப்பிகள்தான் என்பது ராஜதுரையின் கண்டுபிடிப்பு. இதை அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், தன் மருந்துக்கடையின் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்றபடி, தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் மிகுந்த பொறுப்போடு சொல்லிவந்தான். கோபமா, அது சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பியின் வேலை. சோர்வா, கழுத்தில் இருக்கும் சுரப்பி மட்டம் போட்டுவிட்டது. பக்திக்கு எந்தச் சுரப்பி என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை, ஜெர்மனியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனசு என்று ஒரு சரக்கு நிஜமாகவே இருந்திருந்தால் இத்தனை காலத்தில் ஏதாவது ஒரு கம்பெனி அதற்கு மாத்திரை போட்டு, அட்டையின் பின்னால் காலாவதித் தேதியும் அடித்து அனுப்பியிருக்கும். அனுப்பவில்லை. ஆகவே மனசு கிடையாது.

"கம்பெனி மருந்தக் கொண்டாந்து விக்கிற ரெப்பு இன்னும் வந்து சேராத சீக்குன்னு ஒண்ணு இருக்கலாம் அண்ணாச்சி. மருந்தில்லாத சீக்குன்னு ஒண்ணு கிடையாது" என்று முடிப்பான்.

இந்த அண்ணாச்சி உப்பு வியாபாரி பிச்சையா. மனைவி இறந்து தனியாக இருப்பவர். பகலெல்லாம் வெள்ளை உப்பைப் பார்த்துச் சிவந்த கண்ணோடு, சாயங்காலம் உப்பளத்திலிருந்து திரும்பும் வழியில் ராஜதுரை கடையில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்துவிட்டுப் போவார். ராஜதுரையின் எந்தத் தத்துவத்தையும் அவர் மறுத்ததில்லை. மறுப்பதற்கு நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும்.

ராஜதுரை மருந்து படித்தவனா என்று கேட்கக்கூடாது. படித்த ஒருவருடைய சர்டிபிகேட் கடைச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்கியது. அந்த ஒருவர் திருநெல்வேலியில் இருந்தார். ராஜதுரை மதுரையில் ஒரு பெரிய மருந்துக்கடையில் சின்ன வயதிலிருந்து நின்று, பெட்டி உடைத்து, டாக்டர் சீட்டு வாசித்து, ஊசி போடவும் கற்றுக்கொண்டு வந்தவன். பாதி டாக்டர் என்று ஊர் சொல்லும். எந்தப் பாதி என்று ஊர் சொன்னதில்லை.

அவன் மனைவி செல்லக்கனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போது ஊரில் போன்களுக்குச் சுழற்றுகிற வட்டு கிடையாது. போனை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் அந்த நம்பருக்கு மேல் ஒரு சின்ன விளக்கு எரியும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி "நம்பர் ப்ளீஸ்" என்பாள். கேட்ட நம்பரில் கம்பியைச் செருகி இணைத்துவிடுவாள். பகலில் பெண்கள், ராத்திரியில் ஆண்கள். அந்தப் பெண்களின் குரல் துறைமுகத்து ஏஜெண்டு முதல் பஞ்சாலை மேனேஜர் வரை ஊருக்கே பழக்கம். முகம் ஒருவருக்கும் தெரியாது. செல்லக்கனியின் குரல் மணியை மெதுவாகத் தட்டிவிட்டுக் கையை எடுத்தது மாதிரி இருக்கும் என்று எக்ஸ்சேஞ்சில் சொல்வார்கள். ராஜதுரைக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் ஏதும் இல்லை. குரல் என்பது தொண்டையில் காற்று படுவதால் வருவது.

எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டருக்கு அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் மொத்தம் நாலைந்து. நம்பர் ப்ளீஸ். எங்கேஜ்டு. பதில் இல்லை. லைன்ல இருங்க. நாள் பூராவும் இந்த நாலைந்தையே சொல்லிக்கொண்டிருந்த செல்லக்கனி, வீட்டுக்கு வந்து, உலையை வைத்து, பிள்ளைகள் இரண்டுக்கும் சோறு போட்டு, ராஜதுரையும் கடையடைத்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் வாயைத் திறப்பாள். தோணிக்கார முதலாளி ஒருவர் கொழும்புக்குப் பேசும்போது எழுந்து நின்று கத்துவார், மதுரைக்கு என்றால் உட்கார்ந்தே பேசுவார் என்பாள். எழுந்து நிற்பது உனக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்டால், நாற்காலி கிறீச்சிடுவது கேட்கும்லா என்பாள். ஒரு வக்கீல் ஒரே நம்பரைக் கேட்டுக் கேட்டு, எங்கேஜ்டு என்றால் தன்னையே ஏமாற்றிவிட்டது மாதிரி பெருமூச்சு விடுவார். இப்படி ஒன்றா இரண்டா. ராஜதுரை அந்நேரம் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, வரி முடிகிற இடங்களில் உம் கொட்டுவான். பேச்சு தீர்ந்ததும் செல்லக்கனி பாயை விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பி, அப்படியே தூங்கிப்போவாள்.

ஒரு நாள் எண்பத்தெட்டாம் நம்பரைப் பற்றிச் சொன்னாள். அந்த நம்பரில் ஒரு பெரியவர் மத்தியானங்களில் போனை எடுப்பார். நம்பர் ப்ளீஸ் என்றால் கொஞ்சம் யோசிப்பார். பிறகு, ஒண்ணுமில்ல தாயி, சும்மாதான், என்று வைத்துவிடுவார். இன்னொருத்தி எடுத்தால் உடனே வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பார். பாவமா இருக்கு என்றாள் செல்லக்கனி. ராஜதுரை முதல்முறையாகப் பேப்பரைத் தாழ்த்தினான். எண்பத்தெட்டு பிச்சையாவின் உப்பு ஆபீஸ் நம்பர்.

மறுநாள் சாயங்காலம், சோடாவின் கோலிக்குண்டு உள்ளே விழுகிற சத்தம் அடங்கியதும், ராஜதுரை பொதுவாக ஊருக்கு எடுத்துரைக்கிற தோரணையில் ஆரம்பித்தான். சில பேருக்கு ஒரு வியாதி இருக்கிறது. போன் என்பது சரக்கு விலை கேட்க, கப்பல் எப்போது என்று கேட்க. இவர்கள் நம்பர் கேட்பதற்குப் பதிலாகக் குரல் கேட்கிறார்கள். வைட்டமின் குறைவாக இருக்கலாம். "போன எடுத்து, அங்கன ஒரு பொம்பளப்பிள்ள நம்பர் ப்ளீஸ்னு சொல்லுதத மட்டும் கேட்டுட்டு வைக்கானாம் ஒருத்தன். இவனுக்கெல்லாம் எதுக்கு அண்ணாச்சி போனு? கிளி வளக்கலாம்லா."

பிச்சையா சோடா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கிளியும் நல்லதுதான் என்றார். அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் இருக்க, ராஜதுரைக்குச் சொந்தத்தில் ஒரு குறை இருந்தது. கல்யாணமான புதிதில் செல்லக்கனிக்குத் தன்மேல் ஓர் ஆசை இருந்தது. இப்போது இல்லை. அவன் கை அவள் தோளில் விழுந்தால் அவள் தட்டிவிடுவதில்லை. தட்டிவிட்டாலாவது ஒரு காரணம் கேட்கலாம். சரி என்று படுத்துக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்கி விழுந்தால் பொறுத்துக்கொள்வோமே, அந்த மாதிரி. பேச்சுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் தனக்கென்று ஓர் இடம் இல்லை என்று ராஜதுரை கணித்தான். மனசு கிடையாது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டபடியால், எஞ்சியிருந்தது சுரப்பி.

அடுத்த தெருவில் பிளாரன்ஸ் டாக்டர் பெண்களுக்கென்று கிளினிக் வைத்திருந்தார். அவர் எழுதுகிற சீட்டெல்லாம் ராஜதுரை கடைக்குத்தான் வரும். அந்த உரிமையில் ஒரு நாள் போய், ஒரு கஸ்டமர் கேட்கச் சொன்னார் என்று விஷயத்தைச் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண்ணுக்கு ரத்தக் குறைவு உண்டா, வேலை எப்படி, தூக்கம் எப்படி, வீட்டில் எத்தனை பேருக்கு நடுவில் படுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். கஸ்டமர் அவ்வளவு விவரம் சொல்லவில்லை என்றான் ராஜதுரை. கஸ்டமர் அவளிடமே கேட்டாரா என்றார். ராஜதுரை சிரித்துவிட்டான். இதைப் போய்ப் பொண்டாட்டியிடம் எப்படிக் கேட்பது?

வெளிநாட்டில் சில இடங்களில் ஆண் ஹார்மோனைப் பெண்களுக்கு மிகக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள், கருமுட்டைப்பையை எடுத்துவிட்ட சிலருக்கு உதவியிருக்கிறது, ஆனால் அளவு தப்பினால் மீசை முளைக்கும், குரல் போகும், தான் கொடுப்பதில்லை, முதலில் அந்த ஆள் பொண்டாட்டியோடு உட்கார்ந்து பேசட்டும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். இத்தனை வாக்கியத்தில் ராஜதுரையின் காதில் தங்கியது, உதவியிருக்கிறது என்ற ஒன்றுதான். நல்ல சரக்கு மட்டும் நிற்கும்படி சலித்து எடுப்பது வியாபாரிக்குக் கைவந்த வேலை.

மருந்துக் கம்பெனி ரெப் நயினார் வந்தபோது, பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே ராஜதுரை கேட்டுவிட்டான். நயினார் கடைத்தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். ஊசி இருக்கிறது. ஆண்களுக்கான ஊசி. எண்ணெயில் கலந்தது, போட்டால் உடம்பில் பல நாள் நின்று வேலை செய்யும். பெண்ணுக்கு என்றால் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது, அதுவும் டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மிச்ச முக்கால் பங்கைக் கீழே ஊற்றிவிட வேண்டியதுதான், ஆம்பூல் கண்ணாடிக் குப்பி, கழுத்தை உடைத்தால் மூடி வைக்க முடியாது.

ஊற்றிவிடு என்ற சொல்லில்தான் எல்லாம் கெட்டது.

ராஜதுரையின் ஆட்கள் பனங்காட்டிலிருந்து வந்தவர்கள். பதநீர் எடுத்தார்கள், கருப்பட்டி காய்ச்சினார்கள், ஓலையில் பெட்டி முடைந்தார்கள், மட்டையை எரித்தார்கள், எரித்த சாம்பலில் பாத்திரம் விளக்கினார்கள். ஒரு மரத்தில் தூக்கி எறிய ஏதுமில்லை என்று வாழ்ந்த வம்சம். ராஜதுரை கடையில் பார்சல் கட்டி வந்த சணலைக்கூட அவிழ்த்துச் சுற்றி வைப்பான். மருமகள் வடிகஞ்சியைக் கொட்டினால் அவனுடைய அம்மா அவளோடு பேசமாட்டாள். இந்தப் பரம்பரையில் வந்த ஒருவன், சீல் வைத்து வந்த மருந்தின் கழுத்தை ஒடித்து, கால் பங்கை எடுத்துக்கொண்டு, முக்கால் பங்கைச் சாக்கடையில் ஊற்றுவான் என்று எதிர்பார்ப்பது நயினாரின் அனுபவக் குறைவைத்தான் காட்டுகிறது. கால் பங்குக்குக் கால் பங்கு குணம் என்றால் முழுசுக்கு முழுக் குணம். ராஜதுரை முழுசாகப் போட்டான்.

சத்து ஊசி என்று சொல்லித்தான் போட்டான். செல்லக்கனி மறுக்கவில்லை. சந்தோஷப்பட்டாள் என்றே சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று இவருக்கு ஒரு கரிசனம் வந்திருக்கிறதே என்று எக்ஸ்சேஞ்சில் கூடச் சொல்லியிருக்கிறாள். ஊசி போட்ட நாட்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பேசினாள். மாதம் பிறந்ததும் அவளே கேட்டு, சேலையை இடுப்பில் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நிற்பாள்.

மேல்காற்று புழுதியோடு அடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. முதலில் அவளுக்குப் பசி எடுத்தது. பிறகு முகத்தில் பரு வந்தது. பிறகு, ஒரு நாள், பேச்சு முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பாமல் அவன் பக்கம் திரும்பினாள்.

விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது. ராஜதுரை அந்த வாரம் கடையில் பிச்சையாவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தான். ஆனால் விஞ்ஞானம் அவனைக் கலந்துகொள்ளாமல் ஜெயித்ததில் ஒரு சிக்கல் இருந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வியாபாரம் பார்க்கிற நாற்பது வயதுக்காரன் அவன். தினமும் ஆசை வந்து கதவைத் தட்டினால், உள்ளே ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் வாரம் தலைவலி என்றான். நாலாம் வாரம் முதுகு. எதிர்பார்த்துக் கிடந்த விருந்தாளி வந்து வீட்டில் தங்கிவிட்டால் ஒருவன் எப்படிப் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பானோ அப்படிப் பிடித்தான். செல்லக்கனி பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள். இந்த முறை தூங்கவில்லை என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. தன்னிடம் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்து அவள் வெட்கப்பட்டாள். அது ஊசி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஊசியை நிறுத்தவும் இல்லை. பெட்டியில் இன்னும் இரண்டு இருந்தன.

ஐப்பசி மழை தொடங்கியபோது அவள் தொண்டை கட்டிக்கொண்டது.

மழைக்குத்தான் என்றார்கள். மிளகுப்பால் குடித்தாள், ஆவி பிடித்தாள், ராஜதுரை கடையில் இருந்த எல்லா நிறத்துத் தொண்டை மிட்டாயையும் சப்பினாள். கட்டு விடவில்லை. கரகரப்பு போய், அடியில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு வாரமும் குரல் ஒரு படி கீழே இறங்கிற்று. அடுப்படியிலிருந்து அவள் கூப்பிட்டபோது மகன், அப்பா கடையிலிருந்து வந்துவிட்டார் என்று வாசலுக்கு ஓடினான். மகள் சிரித்தாள். செல்லக்கனியும் சிரித்தாள். சிரிப்பும் மாறியிருந்ததைக் கேட்டு நிறுத்திக்கொண்டாள். மேலுதட்டில் நிழல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் ஆட்கள் அவளை சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ராத்திரி ஆளைப் பகலில் ஏன் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று பஞ்சாலை மேனேஜர் புகார் சொன்னார். முன்பு அவளிடம் எரிந்து விழுந்த ஷிப்பிங் கம்பெனிக்காரர்கள் இப்போது, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார், என்று பொறுமையாக இருந்தார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை.

பிச்சையா ஒரு சாயங்காலம் வழக்கத்துக்கு மாறாக அவராகவே பேச்சை ஆரம்பித்தார்.

"எக்ஸ்சேஞ்சுல புதுசா ஒரு பையனப் போட்டிருக்கான் போல. நல்ல பையன். மரியாதையாப் பேசுதான்."

ராஜதுரை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஆனா அந்தப் பிள்ள குரலக் காணும். மாத்திட்டாங்களோ என்னமோ" என்றார் பிச்சையா. பாதி சோடாவோடு பாட்டிலை வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். ராஜதுரை மாத்திரைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

மறுநாள் அவனே செல்லக்கனியைப் பிளாரன்ஸ் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் அவள் தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மோவாயைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ராஜதுரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒரு கஸ்டமருக்காக வந்தீங்கள்லா. அவரு பொண்டாட்டிட்டப் பேசுனாரா?"

"பேசல டாக்டரம்மா."

"ஊசி போட்டாரு."

"போட்டாரு."

"எவ்வளவு?"

"முழுசா."

செல்லக்கனி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆபரேட்டர் அல்லவா. யாரோ இருவர் பேசுவதை நடுவில் இருந்து கேட்டு, என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்கு அவளுக்கு அதிக நேரம் ஆகாது. இடுப்பில் ஊசி ஏறிய இடத்தைச் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அவளுக்கே நேராகச் சொன்னார். என்ன ஊசி, எதற்காக, உடம்பில் என்ன செய்யும் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. ஊசியை நிறுத்தினால் பரு போய்விடும். முடி கொஞ்சம் குறையும். குரல்நாண் தடித்துவிட்டது, அது பழையபடி மெலியாது.

"எத்தன மாசம் ஆகும் டாக்டரம்மா?" என்றான் ராஜதுரை.

"வராதுன்னு சொல்லுதேன்."

"அதுக்கு மருந்து..."

"இல்ல."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் ராஜதுரை ஏதாவது பதில் தயாரித்திருப்பான். விலை கேட்டவனுக்கு ஸ்டாக் இல்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அந்தத் தொனி அவனுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் பேரம் கிடையாது.

திரும்பி வரும்போது துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகிற லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. செல்லக்கனி ரோட்டோரம் நின்றாள். கடைசி லாரியும் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, புதுக் குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

எதிரே சைக்கிளில் வந்தவன், பேசியது யார் என்று ராஜதுரையைப் பார்த்துக்கொண்டே போனான்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று ராஜதுரைக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்பது, ஆள் போன பிறகு மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி. அவளும் அதற்குப் பிறகு பேசவில்லை. அன்றைக்கு மட்டும் அல்ல.

வீட்டில் அவள் வாயைத் திறப்பதே நின்றுபோனது. சண்டை என்றும் சொல்ல முடியாது. சோறு வந்தது, வேட்டி துவைத்து மடிப்போடு வந்தது. பிள்ளைகளுக்குக் காதோரம் குனிந்து, காற்றாகவே சொல்வாள். ராஜதுரைக்கு வேண்டியது மகள் மூலமாக வரும். கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, குழம்பு இன்னும் வேண்டுமா என்று மகளை அனுப்பிக் கேட்பாள். எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் தினமும் போய் வந்தாள். அங்கே பேசாமல் இருக்க முடியாது. அங்கே யாரும் அவளைப் பார்க்கவும் முடியாது. ஆண்குரலுக்கு வியாபாரிகள் கொடுக்கிற மரியாதை அவளுக்குப் பிடித்திருந்ததா, வலித்ததா, அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் அவள் சொல்ல வேண்டும்.

ராஜதுரை தன்னால் ஆனதைச் செய்தான். அவனால் ஆனது மருந்து ஒன்றுதான். கடைக்கு வந்த ஒவ்வொரு ரெப்பிடமும், ஒரு கஸ்டமருக்காக என்று, குரலை உயர்த்த ஏதாவது உண்டா என்று விசாரித்தான். ஒருவர் தேன் கலந்த சிரப் தந்தார். இன்னொருவர், ஆம்பளைக்கா பொம்பளைக்கா என்று கேட்டார். நயினார் விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்து, கால் பங்குன்னுதானே சொன்னேன், என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தத் தெருப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். மதுரையில் தொண்டை டாக்டர் ஒருவரைத் தனியாகப் போய்ப் பார்த்தான். அவரும் பிளாரன்ஸ் டாக்டர் சொன்னதையே, இன்னும் கொஞ்சம் நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். ராஜதுரை பஸ்ஸில் திரும்பும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, கையில் சீட்டு இல்லாமல் டாக்டரிடமிருந்து வருகிற ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். அந்த ஆள் தானே என்பதால் அவனுக்கு ஆறுதல் சொல்லவும் யாருமில்லை.

கடையில் பிரசங்கம் நின்றது. தலைவலி என்று வந்தவர்கள் தலைவலி மாத்திரையோடு மட்டும் போனார்கள். பாதி டாக்டருக்கு உடம்பு சரியில்லையா என்று ஊர் விசாரித்தது. பிச்சையாவும் சோடாவுக்கு வருவது குறைந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் ராஜதுரை பேப்பரை எடுப்பதில்லை. மடித்து முக்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருப்பான். கொழும்புக்குப் பேசும்போது எழுந்து நிற்கிற முதலாளி இப்போது எப்படி இருக்கிறார்? அந்த வக்கீலுக்கு லைன் கிடைத்ததா? மகன் ஒரு நாள் அப்பா ஏன் சும்மா இருக்கிறார் என்று அம்மாவின் காதில் கேட்டான். அவள் சோற்றைப் பிசைந்து அவன் வாயில் வைத்தாள். ராஜதுரை ஒரு முறை, எக்ஸ்சேஞ்சுல இன்னைக்கு வேலை ஜாஸ்தியா என்று அவளைப் பார்த்துக் கேட்டும் பார்த்தான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் அன்றைய சேதி.

பிறகு ஒரு மத்தியானம். வெயில் தெருவைக் காலி பண்ணியிருந்தது. காற்றில் கருவாட்டு வாடை. ராஜதுரை கடையில் தனியாக நின்று, மேஜையின் ஓரத்தில் இருந்த கறுப்பு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். எடுத்தான்.

நம்பர் ப்ளீஸ் என்று ஒரு மெல்லிய குரல் வந்தது. வேறு யாரோ பிள்ளை. வைத்துவிட்டான்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தான். அதே பிள்ளை. ராங் நம்பர் என்றான். நம்பரே கேட்காத ஒருவன் சொல்லக்கூடிய சொல் அல்ல அது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

மூன்றாவது முறை எடுத்தபோது, "நம்பர் ப்ளீஸ்" என்றது அந்தக் கனத்த, நிதானமான குரல்.

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். எந்த நம்பரும் ஞாபகத்துக்கு வரவில்லை. பலகையில் அவன் கடை நம்பருக்கு மேல்தான் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அவளுக்கு யார் என்று தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் கம்பியைப் பிடுங்கவில்லை.

"நம்பர் சொல்லுங்க" என்றாள்.

வாயில் வந்தது ஒரே நம்பர்தான். தன் கடை நம்பர். அதையே சொன்னான்.

பக்கத்துப் பெண்கள் யார் யாருக்கோ நம்பர் கேட்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. அவள் மூச்சு கேட்டது.

"அந்த நம்பர் எங்கேஜ்டா இருக்கு" என்றாள் செல்லக்கனி. "பெறவு கூப்பிடுங்க."

"சரி" என்றான் ராஜதுரை. "பெறவு கூப்பிடுதேன்."

போனை வைத்தான். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க ஒருவன் வந்து மேஜையைத் தட்டினான். ராஜதுரை கொஞ்சம் நில்லு என்று அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு, திரும்பி நின்று, மறுபடியும் எடுத்தான்.